பதினேழாவது விருப்பம்

பெரியமடுவிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திறங்கிய சிவராணி, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த போட்டோக்கொப்பிக் கடையின் மாடிப்படியை ஏறி வந்தாள். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. மகள் தனுசியா இருந்துவிட்டாள். தாய் மட்டும் கதவோரம் நின்று அறையின் நாலு சுவரையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள். ஒரு சுவரில் கலண்டர். இன்னொன்றில் பல்கலைக்கழகங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று புள்ளி குத்திய இலங்கைப் படம். மற்ற இரண்டும் வெறும் சுவர்கள்.

"மிஸ், ஒண்டு கேட்டாக் குறை நினைக்க மாட்டீங்கள்தானே," என்றாள். "நீங்கள் என்ன படிச்சனீங்கள்?"

பஸ்மினா கணினியிலிருந்து கையை எடுத்தாள்.

அந்த அறையை அவள் திறந்து ஐந்து வருடம். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு பிள்ளைகள் வருவார்கள். இந்தப் புள்ளிக்கு எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பாடநெறி, படிவத்தில் எதை மேலே எழுதுவது, எதைக் கீழே எழுதுவது, என்னென்ன தாள்கள் வேண்டும் என்று கூட இருந்து பார்த்துச் செய்து கொடுப்பாள். அதுதான் தொழில். எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் எந்தக் கம்பனிக்கும் அவள் ஆள் இல்லை. வந்த தாய் தகப்பன்மார் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவள் படிப்பைப் பற்றி இதுவரை ஒருவரும் வாய் திறந்து கேட்டதில்லை. சிலர் தாங்களாகவே 'பட்டதாரி மிஸ்' என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். அது காதில் விழுந்தும் அவள் திருத்தப் போகவில்லை. திருத்தாமல் விட்டது செருப்புக்குள் போன மணல்போல உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

"ஏன் கேக்கிறன் எண்டா," என்று சிவராணி தொடர்ந்தாள், "போன வருசம் எங்கட பக்கத்து வீட்டுப் பெடியன் சுஜனை வெளிநாட்டுக் கம்பசில சேத்துவிடுறன் எண்டு ஒருத்தர் வந்தவர். கழுத்துப்பட்டி கட்டின ஆள். அவற்ற கந்தோர்ச் சுவரெல்லாம் கண்ணாடி போட்ட சேட்டிபிக்கற். கடைசியில பெடியன்ட பாஸ்போட்டும் இல்லை, அவரும் இல்லை."

"அம்மா," என்று தனுசியா குனிந்தபடி முணுமுணுத்தாள்.

"நீ பேசாமல் இரு. கேக்கிறதைக் கேட்டுத்தான் ஆகோணும்."

பஸ்மினாவுக்குக் கோபம் வரவில்லை. "நீங்கள் கேட்டது சரி, அக்கா," என்றாள். "நான் சொல்லுறன். கேட்டிட்டு உங்களுக்கு மனம் ஒப்பினால் மட்டும் படிவத்தைத் தொடுவம். நான் கம்பசில படிக்கேல்லை. கம்பசில வேலை செய்தனான்."

சிவராணி நின்ற இடத்திலேயே நின்றாள். பஸ்மினா சொல்லத் தொடங்கினாள்.

அவள் இதே மன்னாரில், எருக்கலம்பிட்டியில் பிறந்தவள். வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றின தொண்ணூறாம் ஆண்டில் அவளுக்கு ஆறு வயது. புத்தளத்தில் ஓலைக் கொட்டில் வகுப்பில் தொடங்கி, அங்கேயே வளர்ந்து, வர்த்தகப் பிரிவில் உயர்தரம் எடுத்தாள். பெறுபேறு நன்றாகவே வந்தது. வாப்பா ஜமால்தீன் பல்கலைக்கழகப் படிவத்தைக் கொண்டுவந்த அன்று கூடவே ஒரு புதுப் பேனையும் வாங்கிக்கொண்டு வந்தார். பேனை மூடியைக் கழற்ற முன்னம் நாலு பேரிடம் விசாரித்தார். நாலு பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள்: கனக்க எழுதக் கூடாது, கீழே உள்ளதை எழுதினால் அதையே தந்து தலையைத் தடவிவிடுவார்கள். வாப்பா பிடவைக் கடையில் நின்று தேய்ந்தவர். விலையை இறக்கிச் சொன்னால் இறக்கின விலைக்குத்தான் சாமான் போகும் என்பது அவருக்கு அனுபவம். ஆகையால் அந்தப் பேச்சு அவருக்கு முழு நியாயமாகப் பட்டது. மூன்றே மூன்று விருப்பங்களை எழுதுவித்தார். மூன்றும் கிடைக்கவில்லை.

இரண்டு வருடம் வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். பிறகு ஒரு பல்கலைக்கழகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். புத்தளத்தில் வளர்ந்ததில் சிங்களம் ஓடிவரும். சோதனை எழுதி எடுபட்டாள். போட்ட இடம் அனுமதிப் பிரிவு. மாணவராகப் போக முடியாத வாசலால் கிளாக்கராக உள்ளே போனாள்.

மூன்றாம் வருடம், கந்தோர் அலுமாரியொன்றைத் துப்புரவாக்கச் சொன்னார்கள். அதற்குள் பழைய வெட்டுப்புள்ளிப் புத்தகங்கள் அடுக்கிக் கிடந்தன. எந்தப் பாடநெறிக்கு எந்த மாவட்டத்தில் எத்தனை புள்ளிவரை எடுத்தார்கள் என்ற பட்டியல்கள். தூசி தட்டிக்கொண்டே போனவளின் கையில் அவளுடைய வருடத்துப் புத்தகம் வந்தது. விரலை வைத்து வரி வரியாக இறங்கினாள். அவளுடைய புள்ளிக்கு முகாமைத்துவம் கிடைத்திருக்கும். ஒரு இடத்திலல்ல, மூன்று இடத்தில். நாலாவதாக எதை எழுதியிருந்தாலும் போதும். புத்தகத்தை மூடிவிட்டுப் பைப்படிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்து மிச்சத்தை அடுக்கினாள்.

"அந்த மாசம் வீட்ட போன நேரம் வாப்பா கேட்டவர், வேலை எப்பிடி மகள் எண்டு. நல்லாயிருக்கு வாப்பா எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு மூண்டு வருசம் இருந்தவர். ஒருநாளும் நான் சொல்லேல்லை. சொன்னா அந்த மனுசன் அண்டைக்கே முடிஞ்சிருப்பார்."

இதைச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. தன்னைக் கட்டின நஸாருக்குக்கூடக் கலியாணமாகி ஐந்தாறு வருடம் போன பிறகுதான் சொன்னாள். வாயில் தானாக வந்துவிட்டது. தனுசியா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிறகு?" என்றாள் சிவராணி.

பிறகு நடந்ததுதான் அவளுக்கு உண்மையில் தொழிலைக் கொடுத்தது. வருடா வருடம் இடம் கிடைத்தும் பதியாமல் விடுகிற பிள்ளைகள் இருந்தார்கள். பதிகிற நாள் முடிந்ததும் அவர்களுடைய கோப்புகளில் 'வரவில்லை' என்று முத்திரை குத்திக் கட்டி வைப்பார்கள். ஏன் வரவில்லை என்று கேட்பது ஒருவருடைய கடமையாகவும் இருக்கவில்லை. ஒரு வருடம், நாள் முடிய இரண்டு நாள் இருக்கும்போது, மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பஸ்மினா தன் கைப்பேசியில் ஒவ்வொரு நம்பராக எடுத்துப் பார்த்தாள். முதலில் அகப்பட்டது தேயிலைத் தோட்டமொன்றில் இருந்த பிள்ளை. கடிதம் மூன்று கிழமையாகத் தோட்டத்துக் கந்தோர் மேசையில் கிடந்திருக்கிறது. அடுத்த நாள் மத்தியானம் தாயும் மகளும் வந்து சேர்ந்தார்கள். தாய் கொழுந்து பறிக்கிற சேலையை மாற்றவும் இல்லை.

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த விஜேரத்ன என்ற உதவிப் பதிவாளர் அவளைக் கூப்பிட்டார். "யார் உன்னை எடுக்கச் சொன்னது?" என்று சிங்களத்தில் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லை என்றாள். அவர் பியோனைக் கூப்பிட்டு, தன் மேசையில் இருந்த தொலைபேசியைக் கழற்றிக்கொண்டு போய் அவள் மேசையில் வைக்கச் சொன்னார். அதைப் பற்றி வேறொரு வார்த்தையும் அவர் பேசியதில்லை.

"பத்து வருசம் அந்த போனில கதைச்சனான். அந்த மனுசனுக்குத் துஆக் கேளாமல் நான் தொழுகை முடிச்சதில்லை, அக்கா. உம்மா ஊருக்கே திரும்பிப் போகோணும் எண்டு நிண்டவ. அதால வேலையை விட்டிட்டு வந்து இதைத் திறந்தனான். இவ்வளவுதான் என்ர படிப்பு."

"அப்ப பட்டம் இல்லை."

"இல்லை."

சிவராணி வந்து கதிரையில் இருந்தாள். கையில் வைத்திருந்த பொலித்தீன் பையை மேசைமேல் வைத்தாள். "என்ர அம்மா பாலம்மாவும் தோட்டத்தில பிறந்தவதான். கலவரத்தோட எல்லாத்தையும் விட்டிட்டு இஞ்சால வந்தவ. எங்கட வீட்டுக்கு வாற கடிதத்தை எல்லாம் வேற ஆக்கள் வாசிச்சுச் சொல்லித்தான் நாங்கள் வாழ்ந்தனாங்கள். சில பேர் முழுக்க வாசிக்க மாட்டினம்." பையை முன்னால் தள்ளினாள். "எழுதுங்கோ, மிஸ்."

எழுதுவது அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. தனுசியா உயிரியல் படித்தவள். இது இரண்டாம் தடவை. புள்ளி பரவாயில்லை, ஆனால் மருத்துவத்துக்கு எட்டுமா என்பது சந்தேகம். அவளோ மருத்துவம் தவிர வேறொன்றையும் எழுத மாட்டேன் என்றாள்.

"கீழ எழுதினா அதைத்தான் தருவினமாம், மிஸ். ரியூசனில எல்லாரும் சொன்னவை."

இருபது வருடம் கழித்து அதே பேச்சு. பஸ்மினா வெள்ளைத் தாளொன்றை எடுத்து ஒன்று முதல் இருபதுவரை இலக்கம் போட்டாள். "இஞ்ச பாருங்கோ. கம்பியூட்டர் மேலயிருந்துதான் கீழ வரும். முதலாவதுக்கு உங்கட புள்ளி காணுமெண்டா அதிலேயே நிண்டிடும். கீழ என்ன கிடக்கெண்டு திரும்பியும் பாக்காது. காணாட்டித்தான் ரெண்டாவது. கீழ எழுதினது மேல எழுதினதை ஒருநாளும் பறிக்காது. நீங்கள் மருத்துவத்தை இலங்கையில உள்ள எல்லா இடத்துக்கும் எழுதுங்கோ, நான் மறிக்கேல்லை. மிச்சக் கட்டத்தை ஏன் வெறுமையா விடுறீங்கள்?"

"மிச்சத்தில எனக்கு விருப்பம் ஒண்டும் இல்லை."

"டொக்டராக வேணும் எண்டு எப்ப நினைச்சனீங்கள்?"

தனுசியா தாயைப் பார்த்தாள். தாய்தான் சொன்னாள். மூன்று வருடத்துக்கு முன் காத்தமுத்துவை, அவள் புருசனை, வயலில் புடையன் பாம்பு கடித்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் ஆறு நாள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மகள்தான் பக்கத்தில் இருந்தாள்.

"அங்க என்ன பாத்தனீங்கள், தனுசியா?"

"டொக்டர் வருவார், போவார். ஆனா ஒரு அக்கா ஒவ்வொரு ஆறு மணித்தியாலமும் வந்து அப்பாட ரத்தம் எடுத்துக்கொண்டு போவா. ஒருக்கா நான் பின்னாலயே போனனான். அவ கதவைச் சாத்தேல்லை. ரத்தம் உறையிறதை எப்பிடிப் பாக்கிறதெண்டு எனக்குக் காட்டினவ." அதுவரை சுருண்டிருந்த குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. "அவ பேப்பரில எழுதிக் குடுத்தாப் பிறகுதான் டொக்டரே அடுத்த மருந்து ஏத்தினவர். நாலாம் நாள் அவதான் முதல்ல வந்து சொன்னவ, இனிப் பயமில்லை எண்டு."

"அந்த அக்கா செய்யிற வேலையைக் கம்பசில படிக்கலாம் எண்டு தெரியுமோ?"

தெரியாது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் என்று ஒரு பட்டப்படிப்பு இருப்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. பஸ்மினா பல்கலைக்கழக அனுமதிக் கைநூலைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாள். தனுசியா இரண்டு தரம் வாசித்தாள். பிறகு பேனையைத் தானே எடுத்தாள். மருத்துவம் எல்லா இடத்துக்கும் போய், பல் மருத்துவமும் மிருக வைத்தியமும் போய், பதினாறாவதிலிருந்து அந்தப் படிப்பு வரிசையாக இறங்கியது.

பையிலிருந்த தாள்களைப் பார்த்தபோது இன்னொன்று தட்டுப்பட்டது. பிறப்புச் சான்றிதழில் 'தனுஷியா', பரீட்சைப் பெறுபேற்றில் 'தனுசியா', ஆங்கில எழுத்தும் வேறு வேறு. தகப்பனின் பெயர் ஒன்றில் காத்தமுத்து, மற்றதில் காத்தான்முத்து.

"இது ஒரு எழுத்துத்தானே, மிஸ்," என்றாள் சிவராணி.

"ஓம், ஒரு எழுத்துத்தான். மூண்டு மாசத்தால ஒருத்தர் அதைச் சுத்திச் சிவப்புப் பேனையால வட்டம் போடுவார். அந்தச் சிவப்புப் பேனை என்ர கையிலயும் இருந்தது, அக்கா. வாங்கோ, ரெண்டு பெயரும் ஒரே ஆளுக்குத்தான் எண்டு இண்டைக்கே சத்தியக்கடதாசி முடிப்பம்."

வெயிலுக்குள் மூன்று பேரும் நடந்து சமாதான நீதவான் ஒருவரின் வீட்டுக்குப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். பின்னேரம் பதிவுத் தபாலில் எல்லாம் போனது. பஸ் ஏறும்போது சிவராணி, "வாறன் தங்கச்சி," என்றாள். காலையில் மிஸ் என்றவள் பின்னேரம் தங்கச்சி என்றதைப் பஸ்மினா வீடுவரை நினைத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு குடும்பத்திடமும், அவர்கள் கேட்க முன்னமே, நான் கம்பசில் படித்தவளல்ல என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினாள். ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

மாதங்கள் போயின. தெரிவுப் பட்டியல் வந்த அதே கிழமை உம்மா சபூராவுக்கு வவுனியாவில் கண் ஒப்பரேசன். பஸ்மினா ஆஸ்பத்திரியில் நின்றபடி பிள்ளைகளுடன் போனில் கதைத்தாள். இடம் கிடைத்தவர்கள் தாங்களாகவே எடுத்துச் சொன்னார்கள், பதிந்தும் கொண்டார்கள். பத்து நாள் கழித்து ஊருக்கு வந்து கொப்பியை விரித்து ஒவ்வொரு பெயருக்கும் சரி போட்டுக்கொண்டு வந்தபோது ஒரு பெயர் மட்டும் தனியாக நின்றது. தனுசியா எடுக்கவே இல்லை.

நம்பருக்கு அடித்தாள். தொடர்பில் இல்லை. படித்த பள்ளிக்கூடத்தில் தெரிந்த ஒருவரிடம் கேட்டாள். "அந்தப் பிள்ளைக்குக் கிடைக்கேல்லைப் போல," என்றார். போல என்ற சொல் பஸ்மினாவுக்குப் பிடிக்கவில்லை. சுட்டெண்ணைப் போட்டு இணையத்தில் பார்த்தாள். கிடைத்திருந்தது. மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், பேராதனை. பதினேழாவது விருப்பம். பதியக் கடைசி நாள் அடுத்த நாள்.

விடிந்ததும் நஸார் ஓட்டோவை வெளியே எடுத்தான். வழக்கமாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிறவன், அன்றைக்கு வேறொருவனைப் பிடித்து விட்டிருந்தான். "பெரியமடு தூரம். உனக்குப் பஸ்ஸில நேரம் காணாது," என்றதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. பாலத்தில் காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. தள்ளாடி ஊரைத் தாண்டி, பள்ளமடுச் சந்தியில் திரும்பி, கிரவல் ரோட்டில் தூக்கிப் போட்டுக்கொண்டு போய்ச் சேரப் பத்து மணியாகிவிட்டது.

வீட்டில் காத்தமுத்து மட்டும் வேலிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார். கடித்த கால் இன்னும் கொஞ்சம் இழுத்தது. பேச்சில் மலைநாடு அப்படியே இருந்தது. "அவங்க ரெண்டு பேரும் புல்லுப் புடுங்கப் போயிருக்காங்க, மிஸ். போனைக் கேக்கிறீங்களா? அது என் கையால வாய்க்கால்ல விழுந்திருச்சு. காயட்டும்னு அரிசிப் பேணிக்குள்ள போட்டு வச்சிருக்கோம். பத்து நாளாச்சு, உயிர் வரல."

"அந்தப் பேணியை அப்பிடியே கொண்டுவாங்கோ, ஐயா," என்றாள் பஸ்மினா.

வயலில் சேற்றோடு நின்ற தனுசியா அவளைக் கண்டதும் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். "எனக்குக் கிடைக்கேல்லை, மிஸ். பள்ளிக்கூடத்தில பேர் ஒட்டினவை. என்ர பேர் அதில இல்லை."

"என்ன பேரெல்லாம் ஒட்டினவை?"

"மருத்துவம், பொறியியல்."

"நீங்கள் பதினேழாவதா எழுதினதுக்கு யார் ஒட்டுறது?" பஸ்மினா முதல்நாளே கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

தனுசியா சேற்றுக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். சிவராணி மகளின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். எழுத்தைப் பார்க்கவில்லை.

பதிவதற்கு ஒரு இரகசிய இலக்கம் வரும். அது படிவத்தில் கொடுத்த நம்பருக்குத்தான் வரும். அந்த நம்பரின் சிம், செத்துப்போன போனுக்குள். நஸார் அரிசிக்குள் இருந்து போனை எடுத்து ஊதினான். சிம்மைக் கழற்ற ஒரு ஊசி வேண்டும் என்றான். சிவராணி சட்டையில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றிக் கொடுத்தாள். நஸார் தன் போனின் சிம்மைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஈரம் பட்ட சிம்மைத் துடைத்து அதற்குள் போட்டான். வேலை செய்தது. ஆனால் வயலில் சிக்னல் இல்லை.

எல்லாருமாகக் குளக்கட்டில் ஏறினார்கள். பஸ்மினா தன் போனில் படிவத்தைத் திறந்து இலக்கத்துக்குக் கேட்டாள். ஒரு நிமிசம், இரண்டு நிமிசம். வரவில்லை, நேரம் கடந்துவிட்டது. இன்னொரு தரம் கேட்டாள். நஸார் போனை உயர்த்திப் பிடித்தபடி கட்டு நெடுக நடந்தான். காத்தமுத்து காலை இழுத்துக்கொண்டு அவனுக்குப் பின்னால் நடந்தார். தண்ணீர் திறக்கிற துருசைத் தாண்டிய இடத்தில் நஸார் நின்றான். "வந்திட்டுது," என்று ஆறு இலக்கத்தையும் ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னான். பஸ்மினா போனைத் தனுசியாவிடம் கொடுத்தாள்.

"நீங்களே அடியுங்கோ. உங்கட இடம்."

அவள் அடித்தாள். ஒரு இலக்கம் பிழைத்தது, அழித்துத் திரும்ப அடித்தாள். பதிவு முடிந்தது என்று வந்ததும் அப்படியே குளக்கட்டிலேயே குந்திவிட்டாள். காத்தமுத்து தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டார். சிவராணி அழவில்லை. "மத்தியானமாகுது, சாப்பிட்டிட்டுத்தான் போகோணும்," என்றாள்.

ஜப்பான் மீன் என்று ஊரில் சொல்லும் குளத்துத் திலாப்பியாக் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் சோறும். "கோழி அடிக்க ஆசைதான். நாங்கள் அடிச்சா நீங்கள் சாப்பிட மாட்டீங்கள். மீனுக்கு ஒரு சாட்டும் சொல்லேலாது," என்று சொல்லிச் சொல்லிப் போட்டாள். நஸார் மூன்றாம் தரமும் சோறு வாங்கினான். பஸ்மினாவுக்குக் காலையிலிருந்து ஒன்றும் இறங்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

கை கழுவ வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சிவராணி மெதுவாகச் சொன்னாள்: "தங்கச்சி, அண்டைக்கு நீங்கள் சொன்னதை நான் கனநாள் நினைச்சனான். உங்கட வாப்பா எழுதுவிச்சது பிழைதான், இல்லையெண்டு சொல்லேலாது. ஆனா நீங்கள் நாலாவதை எழுதியிருந்தால் இண்டைக்கு எங்கயோ பாங்கில இருப்பீங்கள். நாங்கள் இதில புல்லுப் புடுங்கிக்கொண்டு நிப்பம்."

பஸ்மினா நனைந்த கையோடு நின்றாள். அந்தப் பழைய புத்தகத்தில் விரல் வைத்த நாளிலிருந்து அவள் அதைப் பறிபோன ஒன்றாகத்தான் எண்ணி வந்திருக்கிறாள். வாப்பாவை மன்னித்திருந்தாள், ஆனால் மன்னிக்க வேண்டிய ஒன்றாகத்தான் அது அவளுக்குள் கிடந்தது. இப்போது அதை வேறு பக்கத்தால் தூக்கிப் பார்க்க ஒரு கூலிக்காரி வந்து கைகொடுத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து அஸர் தொழுதாள். முடித்தபின் பாயை மடிக்காமல், நன்றிக்கென்று இன்னொரு தடவை தலையைத் தரையில் வைத்தாள். அதை அவள் மற்றவர்களுக்காகச் செய்திருக்கிறாள். உம்மாவின் கண் திறந்த அன்றும் செய்தாள். தன் வாழ்க்கை போன வழிக்காகச் செய்தது அதுதான் முதல் தடவை. வாப்பாவின் புதுப் பேனைக்கும் சேர்த்து நன்றி சொன்னாள். எழும்ப மனமில்லாமல் நெடுநேரம் அப்படியே கிடந்தாள். உம்மா கண்ணில் பச்சை மறைப்போடு வந்து எட்டிப் பார்த்து, "என்ன புள்ள, சுகமில்லையா?" என்று கேட்டார்.

"நல்ல சுகமா இருக்கிறன், உம்மா," என்றாள்.

தனுசியா பேராதனைக்குப் போனாள். முதல் இரண்டு மாதம் குளிரையும் சாப்பாட்டையும் பற்றித்தான் கதைத்தாள். பிறகு ஒருநாள் மத்தியானம் எடுத்தவள் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். ஆய்வுகூடத்தில் தங்கள் தங்கள் விரலைக் குத்தித் தங்கள் ரத்தத்தையே பார்த்தார்களாம். கண்ணாடித் துண்டில் எப்படித் திரளுகிறது, எப்படித் திரளாமல் விடுகிறது என்று விவரித்தாள். அம்மாவுக்கு என்ன ரத்த வகை என்று கேட்டதற்கு வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லையாம். நாற்பத்தேழு வயதுவரை ஒருவரும் பார்த்ததில்லையாம்.

முதல் லீவில் வந்த கையோடு தாயை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்புகிற வழியில் இரண்டு பேரும் மாடிப்படி ஏறி வந்தார்கள். சிவராணி இந்தத் தடவை கேட்காமலே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தாள். கைப்பையிலிருந்து ஒரு சின்னக் காகிதத்தை எடுத்து மேசைமேல் விரித்து வைத்தாள்.

"ஓ நெகற்றிவாம்," என்றாள். "ஆருக்கும் குடுக்கலாமாம், தங்கச்சி."